டிஸ்க் க்ளீனர் "டூப்ளிகேட்" என்று காட்டிய கேமரா கிளிப்கள்

எடிட்டிங் டிரைவ் நிரம்பிவிட்டதால் தேவையற்ற கோப்புகளைத் தேடி நீக்கும் ஒரு டிஸ்க் க்ளீனரை ஓட்டினேன். டூப்ளிகேட் பட்டியலில் சி0001, சி0002 என்று கேமரா கிளிப்கள் வரிசையாக வந்தன. சந்தேகம் தட்டியது. ஒரே பெயருள்ள இரண்டைத் திறந்து பார்த்தேன். ஒன்றில் மேடை நிகழ்ச்சி, மற்றதில் நேர்காணல். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

கார்டை ஃபார்மட் செய்ததும் பல கேமராக்கள் எண்ணை முதலிலிருந்தே தொடங்கும். அதனால் ஒவ்வொரு ஷூட் ஃபோல்டரிலும் ஒரு சி0001 இருக்கும். பெயரோடு கோப்பின் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தாலும் முழுதாக நம்ப முடியாது. ஃபேட்32 என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்த கார்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது என்பதால், நீளமான பதிவுகள் கிட்டத்தட்ட ஒரே அளவுள்ள துண்டுகளாகத்தான் விழும். செட்டிங்கில் "உள்ளடக்கத்தை ஒப்பிடு" என்பதைப் போட்ட பிறகுதான் பட்டியல் சுருங்கி, உண்மையான நகல்கள் மட்டும் மிஞ்சின. ஸ்கேன் ரொம்ப மெதுவாகத்தான் ஓடும், ஆனால் காத்திருக்கலாம். திரும்ப எடுக்க முடியாத ஃபுட்டேஜ் அது.

அடுத்து கேச், அதாவது எடிட்டிங் மென்பொருள் வேகத்துக்காகச் சேமித்து வைக்கும் தற்காலிகக் கோப்புகள். "சுத்தமாகிவிட்டது" என்று க்ளீனர் சொன்ன பிறகும் எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் ப்ரோவின் பெக், சிஎஃப்ஏ என்ற ஆடியோ கேச் கோப்புகள் அப்படியே கிடந்தன. பின்னணியில் பிரீமியர் திறந்திருந்ததால், அது பிடித்து வைத்திருந்த கோப்புகளை க்ளீனரால் தொட முடியவில்லை. கேச் விஷயத்தில் க்ளீனரே வேண்டாம் என்பது என் கருத்து. பிரீமியரில் ப்ரிஃபரன்சஸ், மீடியா கேச் என்று போய் அங்கேயே நீக்கலாம். இன்னொரு எடிட்டிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வில் பிளேபேக் மெனுவில் டெலீட் ரெண்டர் கேச் இருக்கிறது. அப்புறம் புராஜெக்டைத் திறக்கும்போது ஆடியோ அலைகள் வரக் கொஞ்சம் நேரமாகும். அவை புதிதாக உருவாகின்றன, பயப்பட வேண்டாம்.

க்ளீனரில் "காலி ஃபோல்டர்கள்", "சிறு கோப்புகள்" என்ற டிக்குகளை எடுத்துவிடுங்கள். ஏவிசிஎச்டி என்ற வீடியோ வடிவத்தில் பதிவான கார்டின் ஃபோல்டர் அமைப்பு கலைந்தால், துண்டுதுண்டான நீண்ட ஷாட்டை எடிட்டர் ஒரே கிளிப்பாகச் சேர்க்காமல் போகலாம்.

*

மேக்கில் எனக்கு நேர்ந்தது வேறு. ரெண்டர் கோப்புகளை நீக்கி டிராஷையும் காலி செய்துவிட்டேன், இடம் மட்டும் திரும்பவில்லை. க்ளீனரைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். கடைசியில் பார்த்தால் மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின் அதே டிஸ்க்கில் எடுத்து வைக்கும் லோக்கல் ஸ்னாப்ஷாட்கள் பழைய கோப்புகளைப் பிடித்து வைத்திருந்தன. டெர்மினலில் டிஎம்யூடில் கட்டளை கொடுத்துப் பட்டியலைப் பார்த்தால் தெரியும். பொதுவாக 24 மணி நேரத்தில் அவை தானாகவே போய்விடும். அவசரமென்றால் டிஸ்க் யூடிலிட்டியிலும் நீக்கலாம்.

மேக்கின் எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட்டில் இடத்தை அதிகம் தின்பது ஆப்டிமைஸ்டு மீடியா, அதாவது எடிட்டிங் சுலபமாக ஓட அது உருவாக்கும் கிளிப் நகல்கள். அவை ப்ரோரெஸ் 422 என்ற வடிவத்தில் இருப்பதால் மூலக் கிளிப்பைவிட அளவில் பல மடங்கு பெருகும். ஃபைல் மெனுவில் டெலீட் ஜெனரேட்டட் லைப்ரரி ஃபைல்ஸ் போனால் அவற்றை மட்டும் நீக்கலாம். ஒரிஜினல் வேறு டிரைவில் இருந்தால், முதலில் அந்த டிரைவை மாட்டி, கிளிப்கள் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு நீக்குங்கள்.