கேட் (GATE, பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு): மார்க் 50, ஸ்கோர் 570 எப்படி?

கேள்வி: 100-க்கு 50 எடுத்தவருக்கு ஸ்கோர் 570 என்கிறார்கள். எப்படி வருகிறது? தெரியாத கேள்விக்கு ஊகித்து விடை போடலாமா? கால்குலேட்டர் உண்டா?

பதில் 1: ஸ்கோர் 1000-க்கு. பொதுப்பிரிவுத் தகுதி மதிப்பெண்ணுக்கு 350, உச்சியில் இருப்பவர்களின் சராசரிக்கு 900 என்று நிறுத்தி, இடையில் நேர்விகிதத்தில் பிரிப்பார்கள். உச்சி என்றால் முதல் 0.1 சதவீதம் அல்லது முதல் 10 பேர், எது அதிகமோ அது. தகுதி 30, உச்சிச் சராசரி 80 என்று வைத்தால்: 350 + 550 × (50−30)/(80−30) = 570. வினாத்தாள் கடினமாக இருந்தால் பொதுவாகத் தகுதி மதிப்பெண்ணும் உச்சிச் சராசரியும் இறங்கும். அதே 50-க்கு ஸ்கோர் ஏறும். அதனால் வேறு வருடத்து மார்க்கோடு ஒப்பிடுவது வீண். பல ஷிப்டில் நடக்கும் பாடத்துக்கு முதலில் மார்க்கையே சமன்படுத்துவார்கள்.

பதில் 2: ஊகம் கேள்வி வகையைப் பொறுத்தது. ஒரே விடை உள்ளதில் தவறினால் 1 மார்க் கேள்விக்கு 1/3, 2 மார்க்குக்கு 2/3 போகும். நான்கில் ஒன்றைக்கூட விலக்க முடியாமல் கண்ணை மூடிப் போட்டால் சராசரி லாபம் பூஜ்யம்தான். ஒன்றை விலக்கிவிட்டால் போடுங்கள். பல விடை வகையிலும் எண் விடை வகையிலும் கழிவு இல்லை, காலியாக விடவே கூடாது. ஆனால் பல விடையில் ஒன்று விட்டுப்போனாலும் முழு மார்க்கும் போச்சு.

பதில் 3: கால்குலேட்டர் தேர்வுக் கணினியின் திரையில்தான், மவுஸால் அழுத்த வேண்டும். இப்போதே அதில் பழகுங்கள், தம்பி.