ஆற்றல் குறைந்த ஆல்பா துகள் அணுக்கருவை விட்டு வெளியேறுவது எப்படி?

கேள்வி:
யுரேனியம் 238 வெளியிடும் ஆல்பா துகளின் (இரு புரோட்டான்களும் இரு நியூட்ரான்களும் சேர்ந்தது) ஆற்றல் ஏறத்தாழ 4.2 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். அதைச் சூழ்ந்த மின்விலக்கு அரணின், அதாவது துகள் தாண்டவேண்டிய ஆற்றல் தடையின், உயரமோ அதைப்போல் பல மடங்கு. தாண்டும் ஆற்றலே இல்லாத துகள் வெளியே வருவது எவ்வாறு? இடையில் ஆற்றலைக் கடன் வாங்குகிறதா?

மறுமொழி 1:
கடன் என்னும் உவமை தவறான வழியில் இட்டுச்செல்கிறது என்பது என் உறுதியான கருத்து. துகளின் மொத்த ஆற்றல் தொடக்கம் முதல் இறுதி வரை மாறுவதேயில்லை. அதன் அலைச்சார்பு (துகள் எங்கே காணப்படும் என்னும் நிகழ்தகவைத் தரும் கணிதச் சார்பு) அரணின் விளிம்பில் சட்டென நின்றுவிடாமல், உள்ளே செல்லச் செல்ல விரைவாகத் தேய்ந்து, மறுபுறத்தில் மிகச் சிறிய வீச்சுடன் எஞ்சுகிறது. அந்த எச்சமே வெளியேறும் நிகழ்தகவைத் தருகிறது. 1928இல் இயற்பியலாளர் ஜார்ஜ் காமோவும், அவரைச் சாராமல் இயற்பியலாளர்கள் கர்னி, காண்டன் இருவரும் இதை விளக்கினர். பொலோனியம் 212இன் ஆல்பா துகளுக்கு ஆற்றல் ஏறத்தாழ 8.8 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், அதாவது யுரேனியத்தினதைப்போல் இருமடங்குக்குச் சற்றே மேல். ஆனால் அதன் அரை ஆயுட்காலம் (அணுக்களில் பாதி சிதைய ஆகும் நேரம்) ஒரு மைக்ரோ நொடிக்கும் குறைவு, யுரேனியத்துக்கோ ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள். ஆற்றல் கூடும்போது துகள் கடக்கவேண்டிய அரணின் அகலமும், அதன் ஆற்றலுக்கு மேல் எஞ்சும் உயரமும் குறைகின்றன; அந்த மாற்றமே விளைவை இவ்வளவு மாற்றுகிறது.

மறுமொழி 2:
அரணைவிட மிகுந்த ஆற்றலுள்ள துகளும் சில வேளை திரும்பிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிலையாற்றல் திடீரென மாறும் இடத்தில் அலைநீளமும் மாறுவதால், கண்ணாடிப் பரப்பில் ஒளியின் ஒரு பகுதி எதிரொளிப்பதைப் போன்றே இது நிகழ்கிறது.

கேட்டவர்:
அப்படியானால் துகள் இரண்டாகப் பிளக்கிறதா?

மறுமொழி 2:
இல்லை. பிரிவது அலைச்சார்பு மட்டுமே. அளந்து பார்க்கையில் முழுத் துகளும் ஏதேனும் ஒரு பக்கத்தில்தான் கிடைக்கும்.