துளிர்த்த பிறகு காயும் அப்பிள் ஒட்டு: ஒரு சொல் தேவை

வணக்கம் நண்பர்களே,

துளிர்த்துவிட்டுப் பிறகு காயும் ஒட்டைப் பற்றிப் பேச ஒரு சொல் உண்டா என்று போன வாரம் கேட்டேன். வந்த பதில்கள் எல்லாவற்றிலும் 'ஒட்டுத் தோல்வி' என்ற சொல்தான் இருந்தது. அது பிழை இல்லை. ஆனால் எனக்கு வேண்டிய சொல் அதுவல்ல. ஏன் என்று சொல்ல, என் வளவுக் கதையைக் கொஞ்சம் சொல்லவேண்டும்.

ரொறன்ரோவில் எங்கள் வீட்டின் பின்னால் ஓர் அப்பிள் மரம் நிற்கிறது. காயெல்லாம் வாயில் வைக்க முடியாத புளிப்பு. அதில் மக்கின்ரொஷ் என்ற அப்பிள் இனத்தை ஒட்டிவிடலாம் என்று போன வருடம் இறங்கினேன். இந்த இனம் இதே ஒன்ராறியோவில் பிறந்தது. 1811இல் டண்டேலாவில் ஜோன் மக்கின்ரொஷ் என்பவர் தன் காணியைத் துப்புரவாக்கும்போது கண்டெடுத்த கன்றுகளில் ஒன்று. அந்த மரம் 1910இல் விழுந்துவிட்டது. அதன் குச்சிகளோ ஒட்டு வழியாக உலகம் முழுக்க இன்னும் காய்க்கின்றன.

பெப்ரவரியில் மக்கின்ரொஷ் மரம் உறங்கும்போது அதிலிருந்து பென்சில் தடிப்பில் குச்சிகள் வெட்டி, ஈரத்தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். பெட்டியிலிருந்த பழங்களை எல்லாம் வெளியே எடுத்துவிட்டேன். பழுத்த அப்பிள் விடும் எத்திலீன் வாயு மொட்டைக் கெடுத்துவிடும். இதனால் வீட்டில் வந்த சண்டை தனிக் கதை. மே முதல் வாரத்தில் ஏழு ஆப்பு ஒட்டுகள் (கிளையைப் பிளந்து, ஆப்புப்போல் சீவிய குச்சியைச் செருகுவது) கட்டினேன். பதினாறாம் நாள் ஏழும் துளிர்த்தன. படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். அதோடு நின்றிருக்கலாம். ஒட்டைச் சுற்றிக் கட்டிய ரேப்பையும் (நாடா) அவிழ்த்துவிட்டேன்.

நான்காம் வாரம் ஐந்து ஒட்டுகள் வாடித் தொங்கின. இழுத்தால் குச்சி கையோடு வந்தது. வெட்டிய முகம் பழுப்பாக, நான் சீவிய கத்தித் தடத்தோடு அப்படியே இருந்தது.

நடந்தது இதுதான். குச்சி தனக்குள் சேர்த்து வைத்த மாப்பொருளையும் ஈரத்தையும் கொண்டு மொட்டை விரிக்கிறது. அதற்கு மரத்தின் உதவி தேவையில்லை. அதே நாட்களில் கீழே வேறொரு வேலை நடக்கவேண்டும். இரண்டு பக்கமும் மென்மையான காயத் திசு வளர்ந்து இடைவெளியை நிரப்பி, அதன் ஊடாக மாறிழையங்கள் (பட்டைக்கு அடியில் வளரும் மெல்லிய படலம், தமிழ்நாட்டு நண்பர்களுக்குக் கேம்பியம்) ஒன்றோடொன்று தொடுத்து, அங்கிருந்து நீர் ஏறும் குழாய்கள் உருவாகவேண்டும். குளிர் என்றால் இந்த வேலை ஆமை வேகம். 32 பாகைக்கு மேல் வெயில் என்றால் திசுவே கெடும். மேலே சேமிப்புத் தீர்வதற்குள் கீழே குழாய் வந்துவிட்டால் ஒட்டுப் பிழைத்தது. வராவிட்டால் இலை வாடும்.

ஆக, முதலில் வரும் அந்த இலைக்கு ஒரு பெயர் வேண்டும். முதலில் 'பொய்த்துளிர்' என்று நினைத்தேன், இப்போது அது எனக்கே பிடிக்கவில்லை. பிழைக்கும் ஒட்டிலும் முதல் இலை இப்படித்தான் வருகிறது. காய்ந்த பிறகுதான் 'பொய்' என்று சொல்ல முடியும், அப்போது சொல்லி என்ன பயன்? பதினாறாம் நாளில் என்னைத் தடுத்திருக்கக்கூடிய சொல்தான் வேண்டும். 'இருப்புத்துளிர்' எப்படி?

---

> 'இருப்புத்துளிர்' எப்படி?

கொடைக்கானல் பக்கமிருந்து எழுதுகிறேன். அண்ணா, நீங்கள் சொல்லும் விஷயம் ஆப்பிளுக்கு மட்டும் உரியதல்ல. முருங்கைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) நட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும். வெட்டி வேலியோரம் போட்ட முருங்கைக் கட்டைகூடத் துளிர்க்கும். நட்ட போத்து துளிர்த்தது என்று ஆட்டிப் பார்த்தால் அப்போதுதான் விட ஆரம்பித்த வேரும் அறுந்துபோகும். 'போத்துத்துளிர்' என்றால் எங்கள் தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் ஐந்தும் அவிழ்த்ததால் மட்டும் போயிருக்காது. ஆப்பிளில் பழைய கிளையின் பட்டை தடிப்பு, குச்சியின் பட்டை மெலிது. வெளிப்பட்டையைச் சமமாக வைத்தால் உள்ளே கேம்பியம் தவறிவிடும். குச்சியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு பக்கமாவது பச்சைக் கோடும் பச்சைக் கோடும் சேருகிறதா என்று பாருங்கள். ஒட்டுக்குக் கீழே மரம் விடும் துளிர்களையும் அவ்வப்போது கிள்ளுங்கள். அப்புறம், அது அப்பிள் அல்ல, ஆப்பிள்!

---

> 'போத்துத்துளிர்' என்றால்

தம்பி, போத்து எங்கள் ஊரில் இல்லாத சொல். யாழ்ப்பாணத்தில் வேலிக்கு நடுவது கதியால். பூவரசங்கதியால் துளிர்த்துக் காய்வதைப் பார்த்து வளர்ந்தவன்தான் நான், இருந்தும் ஏமாந்தேன் பாருங்கள். நான் 'கதியால்துளிர்' என்றால் உங்களுக்கு விளங்காது, நீங்கள் 'போத்துத்துளிர்' என்றால் எங்கள் ஆட்களுக்கு விளங்காது. பட்டை விஷயத்தில் நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, நான் வெளிப்பட்டையைத்தான் சமன் செய்தேன். அப்பிள் அப்பிள்தான்.

---

இடையில் புகுவதற்கு மன்னியுங்கள், மதுரையிலிருந்து. தோட்டம் எனக்குத் தெரியாது, மாடியில் ஒரு துளசி மட்டும் உண்டு. சொல்லைப் பற்றி இரண்டு வார்த்தை.

இருப்புப்பாதை என்றால் ரயில் பாதை. அங்கே 'இருப்பு' இரும்பிலிருந்து வந்தது. பழகாதவர் இருப்புத்துளிரை இரும்புத்துளிர் என்று படித்தால் நேர் எதிரான பொருள் வந்துவிடும்! மற்றபடி கையிருப்பு, இருப்புக் கணக்கு என்று கடைக்காரர் வரை புழங்கும் சொல் என்பதால் என் எதிர்ப்பு கடுமையானதல்ல. கட்டுச்சோற்றில் வாழும் துளிர் என்பதால் 'கட்டுச்சோற்றுத்துளிர்' என்றும் யோசித்தேன். பேச்சுக்கு ருசி, அட்டவணைக்கு நீளம்.

ஆனால் ஒரு சொல்லோடு விட முடியாது. இது இருப்புத்துளிர் என்றால், ஒட்டுப் பிடித்த பிறகு வருவது என்ன? அதற்கும் பெயர் இருந்தால்தான் இதற்குப் பொருள் நிற்கும். 'ஒட்டுப் பிடித்தது' என்ற வழக்கிலிருந்தே 'பிடிதுளிர்' எனலாம். வினைத்தொகை, ஆகவே இடையில் த் போடாதீர்கள்.

---

ஐயா, பிடிதுளிர்! இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது. கண்ணால் பார்த்தே பிரிக்க முடிகிற இரண்டு நிலைகள் இவை. முதலில் ஒரு கொத்து இலை விரிந்து அப்படியே நிற்கும், சில நாட்களுக்கு ஒன்றும் நடக்காதது போலிருக்கும். பிடித்துவிட்டால் அந்தக் கொத்தின் நடுவிலிருந்து தண்டு நீளத் தொடங்கும், புது இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். நீளும் தண்டு பிடிதுளிர், நிற்கும் கொத்து இருப்புத்துளிர். நிற்கும் கொத்தில் கை வைக்கக்கூடாது, நிழல் போடலாம்.

இரும்பு ஆபத்தை ஏற்றுக்கொள்கிறேன். ரயிலையும் அப்பிளையும் ஒரே பக்கத்தில் எழுதமாட்டேன்.

இந்த வருடக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஏழு கட்டினேன். இருபத்தெட்டாம் நாளில் நான்கு பிடிதுளிர், இரண்டு இன்னும் இருப்புத்துளிர். ஏழாவது துளிர்க்கவே இல்லை. நேற்று கிட்டப் போய்ப் பார்த்தால் மொட்டெல்லாம் தரையைப் பார்க்கின்றன. குச்சியைத் தலைகீழாகச் செருகியிருக்கிறேன். அதற்கும் ஒரு சொல் கண்டுபிடிக்கவேண்டாம், தயவுசெய்து.