விளக்கு அணைந்ததும் ஏறும் ஈரப்பதம்: மாடி வளர்ப்பறையை இரவில் எப்படிக் காப்பது?

நங்கநல்லூர் மாடித்தோட்டம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மொட்டை மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அளவுள்ள அறையில், மண் இல்லாமல் ஊட்டக்கரைசலில் லெட்யூஸும் இத்தாலியன் பேசிலும் வளர்த்து வருகிறேன். 600 வாட் எல்.இ.டி. விளக்குகள் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை எரிகின்றன. ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி.யை 23 டிகிரியில் வைத்திருக்கிறேன். விளக்கு எரியும்போது செடிகளின் உயரத்தில் 27 டிகிரியும் 62 சதவீத ஈரப்பதமும் காட்டுகிற கருவி, விளக்கு அணைந்து இரண்டு மணி நேரத்திற்குள் 23 டிகிரி, 94 சதவீதம் என்று காட்டுகிறது.

ஈரக்காற்றை வெளியேற்றலாம் என்று எண்ணி, இரவு முழுவதும் எக்சாஸ்ட் ஃபேனை ஓடவிட்டேன். நிலைமை மேலும் மோசமானதே தவிரக் குறையவில்லை. நேற்று மழை ஓய்ந்த பிறகு அதே கருவியை மாடியில் வைத்துப் பார்த்தபோது 28 டிகிரி, 82 சதவீதம் என்று இருந்தது. வெளியில் ஈரப்பதம் குறைவாகத்தானே இருக்கிறது, பிறகு ஏன் அறை உலரவில்லை என்பதே என் குழப்பம்.

பேசில் இலைகளில் நரம்புகளுக்கு இடையே மஞ்சள் பூத்திருக்கிறது. முதலில் ஊட்டச்சத்துக் குறை என்றே நினைத்தேன். இன்று காலை ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தால், அடியில் சாம்பல் கலந்த ஊதா நிறத்தில் மெல்லிய தூள் படிந்திருந்தது. ஈர நீக்கி இயந்திரம் ஒன்று வாங்கிவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பெரம்பூர் குளிர்பதனம் (பதில்)

வணக்கம் அம்மா. ஏ.சி. பழுதுபார்க்கும் தொழிலில் நெடுங்காலமாக இருப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். இயந்திரம் வாங்குவதற்கு முன் எக்சாஸ்ட் ஃபேனை இன்றிரவே நிறுத்துங்கள்.

சதவீதத்தை மட்டும் பார்த்தால் குழப்பம்தான் வரும். காற்றில் உண்மையில் எத்தனை கிராம் நீர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 28 டிகிரிக் காற்று ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 27 கிராம் நீராவியைத் தாங்கும். அதில் 82 சதவீதம் என்றால் 22 கிராமுக்கும் சற்று அதிகம். உங்கள் அறைக்காற்று 23 டிகிரியில் தாங்கக்கூடியதோ 20.6 கிராம் மட்டுமே. அதாவது, நீங்கள் உள்ளே இழுக்கும் ஒவ்வொரு கன மீட்டர் சென்னைக் காற்றும் உங்கள் அறை தாங்க முடியாத அளவு நீரைச் சுமந்துகொண்டு வருகிறது; மிச்சம் சுவரிலும் குழாயிலும் இலையிலும்தான் படிய வேண்டும். வறண்ட ஊர்களில் இரவில் ஜன்னலைத் திறந்தால் அறை உலர்வது உண்மைதான். கடலோரத்தில் இருக்கிற நமக்கு அந்த வழி பெரும்பாலான இரவுகளில் பொருந்தாது. இரவில் ஃபேனை நிறுத்தினால் செடிக்குக் காற்று போதாதே என்ற அச்சமும் வேண்டாம். இருட்டில் ஒளிச்சேர்க்கை இல்லாததால் செடிக்குக் கரியமில வாயு தேவைப்படாது. விளக்கு எரியும் நேரத்தில் அவ்வப்போது சிறிது வெளிக்காற்று விட்டால் போதும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். விளக்கு எரியும்போது உங்கள் அறையில் இருப்பது 16 கிராம். அதே காற்று 23 டிகிரிக்குக் குளிர்ந்தால், ஒரு சொட்டு நீர் கூடாமலேயே 78 சதவீதம் ஆகிவிடும். அதற்கு மேல் ஏறிய 16 சதவீதம்தான் வெளிக்காற்றிலிருந்தும் செடியிலிருந்தும் வந்தது. வந்ததை ஏ.சி. பிடித்திருக்க வேண்டும். அது ஏன் பிடிக்கவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஏ.சி. ஈரத்தை நீக்குவது, அதன் கம்ப்ரஸர் ஓடி, உள்ளிருக்கும் குளிர்ச்சுருள் (காயில்) குளிர்ந்திருக்கும் நேரத்தில் மட்டுமே. விளக்கு அணைந்ததும் 600 வாட் வெப்பம் போய்விடுகிறது. அறை சீக்கிரமே 23 டிகிரியைத் தொட்டுவிட, கம்ப்ரஸர் ஓய்ந்துவிடுகிறது. ஆனால் உள்ளிருக்கும் ஃபேன் நிற்பதில்லை. நனைந்த சுருள் மீது காற்றை ஊதி, பிடித்து வைத்த நீரையே மறுபடி அறைக்குள் அனுப்புகிறது. சந்தேகம் இருந்தால், வெளியே வரும் ஏ.சி. தண்ணீர்க் குழாயின் கீழ் ஒரு வாளி வைத்து, பகலில் எவ்வளவு, இரவில் எவ்வளவு என்று அளந்து பாருங்கள்.

இதற்கு நான் சொல்லும் வழி, இரவைப் பகலாக மாற்றுவது. விளக்குகள் மாலை 6 மணிக்கு எரிந்து காலை 10 மணிக்கு அணையட்டும். செடியின் இருட்டு நேரம் பகல் 10 முதல் மாலை 6 வரை அமைந்தால், கூரைத் தளம் வெயிலில் காய்ந்து வெப்பத்தைக் கீழே இறக்கும், ஏ.சி. ஓய முடியாமல் ஓடும். ஓடுகிற வரை ஈரத்தையும் பிடிக்கும். ஜன்னலில் மட்டும் வெளிச்சம் புகாதபடி கறுப்புத் துணியை இரட்டையாகக் கட்டுங்கள். இருட்டு நேரத்திற்கு 25 டிகிரி வைத்தால், அதே 16 கிராம் நீர் 70 சதவீதமாகத்தான் தெரியும்.

திருவான்மியூர் பசுமை (பதில்)

தோழி, நீங்கள் சொல்லும் ஊதாத் தூள் அடிச்சாம்பல் நோய். பேசிலுக்கு இதைவிடக் கொடிய எதிரி இல்லை. அதன் வித்துகள் நீண்ட இருட்டிலும் ஈரத்திலும்தான் உருவாகும். வெளிச்சம் அவற்றைத் தடுக்கும். தூள் தெரிந்த செடிகளை அறைக்குள் உதறாமல், பையால் மூடி வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். மனம் வராதுதான், ஆனால் ஒன்றை விட்டுவைத்தால் வரிசை முழுவதும் போகும். எனக்கு அப்படித்தான் ஒரு வரிசை முழுவதும் போயிற்று.

மேலே சொன்ன ஐயாவின் கணக்கை ஏற்கிறேன். 25 டிகிரி என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. அறை வெப்பம் கூடினால் ஊட்டக்கரைசலும் சூடாகும். கரைசல் 25 டிகிரியைத் தாண்டும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்து வேரழுகல் எளிதாகத் தொற்றும். தொட்டியைத் தெர்மாகோலால் சுற்றி, தரையிலிருந்து உயர்த்தி வைத்துவிட்டு அப்புறம் வெப்பநிலையை உயர்த்துங்கள்.

லெட்யூஸ் இலையில் காலையில் நீர்த்துளி கண்டால் உடனே பதற வேண்டாம். துளிகள் இலை விளிம்பின் பற்களில் மட்டும் மணிமணியாகக் கோத்தாற்போல் நின்றால், அது வேரின் அழுத்தத்தால் செடியே கசியவிட்ட நீர். காய்ந்ததும் வெள்ளைத் தடம் விடும். இரவில் ஏறும் அந்த நீரோடுதான் உள்ளிலைகளுக்குச் சுண்ணாம்புச் சத்தும் போகிறது என்பதால், இருட்டில் அறையை ஒரேயடியாகக் காயவைத்தால் இளந்தளிர்களின் நுனி கருகும். இலைப்பரப்பு முழுவதும் ஆவி படிந்தாற்போல் நனைந்திருந்தால்தான் ஆபத்து. ஒரு சிறிய சுழல் விசிறி இலைகளை லேசாக அசைத்துக்கொண்டே இருக்கட்டும்.

கருவியையும் ஒருமுறை சோதியுங்கள். ஒரு மூடியில் கல் உப்பைச் சில சொட்டு நீர் விட்டுச் சேறு போலக் குழைத்து, கருவியோடு காற்றுப் புகாத டப்பாவில் ஓரிரவு மூடி வைத்தால், அது 75 காட்ட வேண்டும். என்னுடையது 68 காட்டியது.

நங்கநல்லூர் மாடித்தோட்டம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வாளி வைத்துப் பார்த்தேன்; விளக்கு எரிந்த நேரத்தில் ஏறத்தாழ 6 லிட்டர், இரவு 10 முதல் காலை 6 வரை அரை டம்ளர்கூட இல்லை. உப்புச் சோதனையில் கருவி 78 காட்டியதால், அதற்கேற்பக் கழித்துக்கொள்கிறேன். நேரத்தை மாற்றி ஒன்பது நாள் ஆகிறது. எக்சாஸ்ட் இல்லாமல், 25 டிகிரியில், இருட்டு நேர ஈரப்பதம் 72க்கும் 77க்கும் இடையில் நிற்கிறது. பதினான்கு பேசில் செடிகளை எடுத்துவிட்டேன். ஆனால் நவம்பரில் அடைமழை பிடித்து நாள் முழுவதும் வெயிலே இல்லாதபோது, பகலிலும் ஏ.சி. ஓயுமே?

பெரம்பூர் குளிர்பதனம்

ஓயும் அம்மா. அந்தச் சில வாரங்களுக்குத்தான் ஈர நீக்கி தேவை. அது பிடிக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறத்தாழ 0.68 யூனிட் வெப்பத்தையும், தான் இழுக்கும் மின்சாரத்தையும் சேர்த்து அறைக்குள்ளேயே விடும்; அந்த வெப்பமே ஏ.சி.யையும் ஓடவைக்கும் என்பதால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீதத்தில் அளந்தது. உங்கள் அறையில் அவ்வளவு கிடைக்காது, ஒரு படி பெரியதாக வாங்குங்கள். அதுவரை, திருவான்மியூர் அம்மா சொன்ன நோயின் தன்மையை வைத்துப் பார்த்தால், எட்டு மணி நேர இருட்டை நான்கு நான்காகப் பிரித்துவிடலாம் என்று தோன்றுகிறது. டைமரில் இரண்டு முள் மாற்றினால் போதும்.