பழனி பாதயாத்திரை: இன்சுலினை எப்படி வைத்துக்கொள்வது?

கேள்வி: தைப்பூசத்துக்கு அப்பா காரைக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறார். தினம் சுமார் 25 கி.மீ. காலை, இரவு இன்சுலின் பேனா. ஃப்ரிட்ஜ் கிடைக்காது. என்ன செய்யலாம்?

பதில் 1: பயன்பாட்டில் உள்ள பேனாவுக்கு ஃப்ரிட்ஜ் தேவையில்லை, 30 டிகிரிக்குள் இருந்தால் பெரும்பாலானவை 28 நாள் தாங்கும் (அட்டையில் சரிபாருங்கள்). ஈரத்துணி சுற்றிய பையில் நிழலில் வையுங்கள். ஆனால் ஐஸ்கட்டியோடு வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் வீண். உதிரிப் பேனாவை இன்னொருவர் பையில் போடுங்கள்.

பதில் 2: இன்சுலினை எப்படி வைப்பது என்பதைவிட அதன் அளவுதான் முக்கியம். நடந்தால் சர்க்கரை இறங்கும், இரவு தூக்கத்திலும் இறங்கலாம். எவ்வளவு குறைப்பது என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். தொடையில் போட்டுவிட்டு நடந்தால் இன்சுலின் வேகமாக உடலில் ஏறும். வயிற்றில் போடச் சொல்லுங்கள். சர்க்கரை 70க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. அன்னதானத்துக்கு நேரம் சொல்ல முடியாது, அதனால் சாப்பாடு கைக்கு வந்தபிறகே ஊசி.

பதில் 3: தயவுசெய்து வெறுங்காலோடு அனுப்பாதீர்கள். பாதம் மரத்திருந்தால் தார்ச்சூடும் கொப்புளமும் தெரியாது. பழகிய ஷூ, பருத்திக் காலுறை. ஒவ்வொரு இரவும் வேறொருவர் டார்ச் அடித்து உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்கட்டும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை (சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவது) சாப்பிட்டால் அதையும் மருத்துவரிடம் கேளுங்கள். நீர்ச்சத்து குறையும்போது அது ஆபத்து.