சாவடிச் சுவரில் இருக்கும் அந்தக் கல்லை எடுக்கலாமா, வேண்டாமா?

வைகைக்கரையான்:
எங்கள் ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே இருக்கிறது. ஊர்ச் சாவடியைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். வடக்குச் சுவரில் ஒரு சலவைக்கல், முழ நீளம் இருக்கும். வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்து எழுத்தே மூடிப்போயிருந்தது. போன வாரம் கொத்தனார் தேங்காய் நாரால் தேய்த்தபோதுதான் தெரிந்தது, ஆங்கிலத்தில் நாலு வரி. 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து போனவர்கள் 14 பேர், அவர்களில் உயிர் விட்டவர்கள் 3 பேர் என்று போட்டிருக்கிறது. அவ்வளவுதான். ஒரு பெயர்கூடக் கிடையாது.

ஊர் இளவட்டங்கள் "வெள்ளைக்காரன் வைத்த கல் நமக்கு எதற்கு, பெயர்த்துப் போடுங்கள்" என்கிறார்கள். கல் இருக்கட்டும், அதற்குக் கீழே அந்த 14 பேரின் பெயரையும் தமிழில் வெட்டுவோம் என்பது என் கருத்து. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

காளையார்கோவில் மருது:
எடுத்துவிடுங்கள் அண்ணே. நான் சிவகங்கைச் சீமைக்காரன், எனக்கு இதில் இரண்டு மனசு கிடையாது. 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கில் போட்டார்களே, அவர்களைக் காட்டுக்குள் விரட்டிப் பிடித்த படையில் வெள்ளைக்காரன் எத்தனை பேர் இருந்திருப்பான்? பெரும்பகுதி கும்பினிச் சிப்பாய்தான், கிழக்கிந்தியக் கம்பெனியிடம் சம்பளம் வாங்கினாலும் நம் பாஷை பேசியவன்தான். அவன் துப்பாக்கியைக் கீழே போட்டிருந்தால் இந்த நாட்டை ஒரு நாள்கூட ஆண்டிருக்க முடியாது. 1914-ல் போனவனும் அதே வேலைக்குத்தான் போனான். கூலிப்படைக்கு ஊர்ச் சாவடியில் கல்லா?

முன்னாள் சுபேதார்:
தம்பி, நான் மெட்ராஸ் ரெஜிமென்டில் 26 வருஷம் இருந்தவன். அந்தப் படைப்பிரிவின் வேர் 1758-க்குப் போகிறது. நாங்கள் அந்த வரலாற்றை மறைத்ததில்லை. ஆனால் கூலிப்படை என்ற சொல் எனக்கு வலிக்கிறது. சிப்பாய்க்கு ஒரு நெறி உண்டு, உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று. கூட நிற்கிறவனை விட்டு ஓடாதே என்பதும் அதில் அடக்கம். 1944-ல் இத்தாலியில், ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவர். அவரையும் கூலிப்படை என்பீர்களா?

காளையார்கோவில் மருது:
சுப்பிரமணியனைப் பற்றி நான் ஒரு சொல் தப்பாகச் சொல்ல மாட்டேன் ஐயா. ஆனால் அந்த உப்பு யாருடையது? சிப்பாயின் சம்பளம் லண்டனிலிருந்து வரவில்லை. நம் நிலவரி, நம் உப்பு வரி. முதல் போரின் நடுவில், 1917-ல், 10 கோடி பவுனை இந்தியாவின் கணக்கில் எழுதி இங்கிலாந்துக்கு அன்பளிப்பு என்று கொடுத்தார்கள். நம் வீட்டு உப்பைத் தின்றுவிட்டு அடுத்தவனுக்கு விசுவாசமாக இருந்தது எப்படி நெறியாகும்?

செக்கானூரணி செல்வி:
நான் பிறந்தது இந்த ஊரில்தான். அந்த 14 பேரில் ஒருவர் எங்கள் பூட்டன். கூலிப்படை என்று நீங்கள் சொல்கிறவரைப் பற்றி எங்கள் வீட்டில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்கிறேன், தம்பி.

அவர் துப்பாக்கி பிடித்தவரே இல்லை. இப்போது ஈராக்கில் இருக்கும் பஸ்ராவில் கப்பலிலிருந்து மூட்டை இறக்கினார். எங்கள் அப்பத்தா அந்த நாட்டுக்குச் சொன்ன பெயரே "பசராக்காடு"தான். மழை பொய்த்த வருஷம், வீட்டில் குதிரைவாலிகூட இல்லை, கூழுக்கே வழியில்லாமல் கிளம்பினார் என்பார்கள். அன்றைக்குச் சிப்பாய்க்கே மாதம் 11 ரூபாய்தான். மூட்டை தூக்கியவருக்கு என்ன கொடுத்தார்களோ, அதில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஒரு பதக்கம் இருக்கிறது. அரிசிப் பானைக்குள் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். நிறம் பழுப்பு, வெண்கலம். சண்டை போட்டவர்களுக்கு அதே பதக்கத்தை வெள்ளியில் கொடுத்தார்கள், தொழிலாளர் படைக்கு வெண்கலம். விளிம்பைச் சுற்றி ஓர் எண், அதன் பிறகு அவர் பெயர், பொடி எழுத்தில். பெயரைக்கூடச் சரியாக எழுதவில்லை, குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார்.

இன்னொன்று. அவர் பஸ்ராவிலிருந்து திரும்பி வந்தபோது, கூடப்பிறந்த அண்ணனை ரேகைச் சட்டத்தில், அதாவது கைரேகை எடுத்துப் பட்டியலில் சேர்க்கும் குற்றப்பரம்பரைச் சட்டத்தில், பதிந்திருந்தார்கள். பொழுது சாய்ந்தால் இதே சாவடியில் வந்து படுக்க வேண்டும், வெளியூர் போக வேண்டுமானால் ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். அண்ணன் படுத்துக் கிடந்த சாவடிச் சுவரில், தம்பி போருக்குப் போனதற்கு ஒரு கல். எங்களுக்கு அந்தச் சாவடி அப்படிப்பட்டது.

காளையார்கோவில் மருது:
அக்கா, கூலிப்படை என்று மொத்தமாகச் சொன்னது தப்பு. உங்கள் பூட்டனைச் சொல்லவில்லை, மன்னியுங்கள். ஆனால் நீங்கள் சொன்ன கதையே என் பக்கம்தான் நிற்கிறது. தம்பியைப் பஸ்ராவுக்கு அனுப்பிவிட்டு அண்ணனைப் பிறவிக் குற்றவாளி என்று பட்டியலில் எழுதிய அரசாங்கம் அது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அந்தச் சட்டத்தை எதிர்த்து நின்ற 16 பேரைச் சுட்டுக் கொன்றது. அந்த அரசாங்கம் வைத்த கல்லை எதற்குப் பாதுகாக்க வேண்டும்?

வாடிப்பட்டி வாத்தியார்:
மருது தம்பி உங்கள் ஊர்க்காரரையே முழுதாகப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். 1801 ஜூன் 16 அன்று சின்ன மருது திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டிய அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அதில் அவர் யாரைக் கூப்பிடுகிறார்? மீசை வைத்தவர்கள் எல்லோரையும் கூப்பிடுகிறார். அதோடு நிறுத்தவில்லை, கும்பினியிடம் வேலை பார்க்கும் சுபேதார், ஹவில்தார், நாயக், சிப்பாய் என்று பதவி பதவியாகச் சொல்லிக் கூப்பிடுகிறார். எதிரிப் படையில் நிற்கிறவனை அவர் கைகழுவிவிடவில்லை.

அவர் கூப்பிட்டது வீணும் போகவில்லை. ஐந்து வருஷம் கழித்து, 1806 ஜூலை 10 விடியற்காலையில், வேலூர்க் கோட்டையில் எழுந்தவர்கள் யார்? அதே மதராஸ் சிப்பாய்கள். நெற்றிக் குறி கூடாது, கடுக்கன் கூடாது, தோல் பட்டை வைத்த தொப்பியைப் போடு என்றதும் திரும்பிவிட்டார்கள். 1930-ல் பெஷாவரில் கூட்டத்தைச் சுட மாட்டோம் என்று கார்வால் ரைபிள்ஸ் மறுத்தது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்ததற்காக தில்லிச் செங்கோட்டையில் விசாரிக்கப்பட்ட ஷாநவாஸ் கான், சேகல், தில்லான் மூவருமே முதலில் வெள்ளைக்காரன் படையில் அதிகாரியாக இருந்தவர்கள். அடக்கியதும் அந்தப் படை, உடைத்ததும் அந்தப் படை.

அவ்வளவு ஏன், நம் மதுரையிலேயே கான் சாகிப், மருதநாயகம் என்கிறோமே, அவர் இருக்கிறாரே. கும்பினியின் தளபதியாக மதுரைக்கு வந்தார், கும்பினியையே எதிர்த்து நின்றார், 1764 அக்டோபர் 15 அன்று தூக்கில் போட்டார்கள். சம்மட்டிபுரம் தர்காவில் இன்றும் விளக்கு எரிகிறது.

காளையார்கோவில் மருது:
சார், அந்த அறிக்கை எனக்கு மனப்பாடம். வெள்ளையனிடம் வேலை பார்ப்பவனுக்குச் செத்த பிறகும் நல்ல கதி இல்லை என்றும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. கான் சாகிப் விஷயமும் அப்படித்தான். எதிர்த்து நிற்பதற்கு முன்னால் பூலித்தேவரையும் மற்றப் பாளையக்காரர்களையும் கும்பினிக்காக அடக்கியவர் அவர். திரும்பியவர்களைக் கும்பிடுகிறேன். திரும்பாதவர்களுக்கு எதற்குக் கல் என்பதுதான் என் கேள்வி.

முன்னாள் சுபேதார்:
பஸ்ரா என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அங்கே ஒரு போர் நினைவுச் சின்னம் இருக்கிறது, மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக் பகுதியில் செத்து, கல்லறை இல்லாமல் போன 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு. அதில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் வெட்டினார்கள். இந்திய அதிகாரிக்கும் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு மட்டும் பட்டாளத்தின் பெயரைப் போட்டு, இத்தனை பேர் என்று எண்ணிக்கை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-ல்தான் இந்தப் பாகுபாட்டுக்கு மன்னிப்புக் கேட்டது. முதல் போரில் நம் நாட்டிலிருந்து போனவர்கள் 13 லட்சம், செத்தவர்கள் 70,000-க்கும் மேல்.

உப்பு என்று நான் பேசினேன். உப்பிட்டதாகச் சொன்னவன் பெயரைக்கூட எழுதவில்லை என்பதை இத்தனை வயதுக்கு மேல் ஒத்துக்கொள்ளக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

காளையார்கோவில் மருது:
இதைத்தான் ஐயா நான் சொல்ல வந்தேன். அவனுக்கு இவர்கள் வெறும் எண். அந்த எண்ணை ஏன் சுவரில் வைத்துக்கொண்டிருக்க வேண்டும்?

செக்கானூரணி செல்வி:
கல்லை எடுத்துவிட்டால் அந்த எண்ணும் போய்விடும் தம்பி. அப்புறம் 14 பேர் போனார்கள் என்பதற்கே ஊரில் சாட்சி இருக்காது. எங்கள் பூட்டன் செய்தது சரியா தப்பா என்று ஆயிரம் பேசுவோம். பேசுவதற்கு முதலில் அவருக்கு ஒரு பெயர் வேண்டாமா?

வைகைக்கரையான்:
நான்கு நாளாக ஊரில் வீடு வீடாகக் கேட்டுவிட்டேன். 9 பேரின் பெயர் கிடைத்திருக்கிறது. மூன்று வீட்டில் பதக்கம் இருந்திருக்கிறது, இரண்டைக் கஷ்டகாலத்தில் விற்றுவிட்டார்களாம். திரும்பி வராத மூவரில் ஒருவர் பெயர்தான் தெரிகிறது. மற்ற இருவரின் வீடுகளும் இப்போது ஊரில் இல்லை.

காளையார்கோவில் மருது:
என் எண்ணம் மாறவில்லை அண்ணே, நானாக இருந்தால் அந்தக் கல்லை எடுத்திருப்பேன். வைக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒன்று செய்யுங்கள். அதே சுவரில், அதே உயரத்தில், ரேகைச் சட்டத்தில் அங்கே படுத்துக் கிடந்தவர்களுக்கும் ஒரு கல் வையுங்கள். அந்தச் செலவுக்கு என் பங்கையும் அனுப்புகிறேன்.

வைகைக்கரையான்:
ஊர்க்கூட்டத்தில் சொல்கிறேன் தம்பி, பெரியவர்கள் ஒத்துக்கொள்வார்கள். செல்வி, கல் வெட்டுகிறவர் புதன்கிழமை வருகிறார். உங்கள் பூட்டன் பெயரை எப்படி வெட்டச் சொல்ல? பதக்கத்தில் இருக்கிறபடியா?

செக்கானூரணி செல்வி:
வேண்டாம் அண்ணே. வீட்டில் கூப்பிட்ட பெயரைப் போடச் சொல்லுங்கள். அப்பா அதை ஒரு சீட்டில் எழுதி வைத்திருக்கிறார், செவ்வாய்க்கிழமை நானே கொண்டுவந்து தருகிறேன்.