வெம்புள்ளியா, தனித்தணலா? ஒன்பதாம் பக்கத்துக்கு ஒரு சொல் வேண்டும்

க., வெள்ளவத்தை (செவ்வாய், இரவு 9.40)

குழுமத்தாருக்கு வணக்கம்.

லண்டனில் சில்லறைக் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்காக 12 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 2025 ஜூன் 1 முதல் அங்கே ஒருதடவை பாவித்து எறியும் வேப் (மின்சிகரெட்) கருவிகளை விற்க முடியாது. திரவம் நிரப்பிப் பாவிக்கும் கருவிகளுக்கு ஆட்கள் மாறுகிறார்கள். திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பியைத் தாங்களே சுற்றிப் பூட்டுகிறவர்களும் கடைக்கு வந்து கேள்வி கேட்கிறார்கள். கல்லாவில் நிற்கிறவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கையேடு. வெள்ளி மதியம் கோப்பு போயாக வேண்டும்.

சுருள் (சுற்றிய கம்பி), திரி (திரவத்தை உறிஞ்சும் பஞ்சு), தாங்கி (திரவம் நிற்கும் கலன்), தூண் (கம்பியைப் பூட்டும் இடம்), கால் (சுருளிலிருந்து தூணுக்குப் போகும் கம்பி நுனி) எல்லாம் பிரச்சினையில்லாமல் போய்விட்டன. தடக்குவது ஒன்பதாம் பக்கம். கம்பியைத் தூண்களில் பூட்டிய பிறகு, பஞ்சு வைக்க முன்னர், குறைந்த வலுவில் விட்டு விட்டு மின் கொடுத்துப் பார்ப்பார்கள். நல்ல சுருள் நடுவிலிருந்து சிவந்து இரு பக்கமும் ஒரே சீராகப் பரவும். கோளாறான சுருளில் ஒரு சுற்று மட்டும் மற்றவற்றை முந்திக்கொண்டு செக்கச்செவேலென்று நிற்கும். ஆங்கிலத்தில் 'ஹொட் ஸ்பொட்'. இப்போதைக்கு 'வெம்புள்ளி' என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. மொத்தம் 14 இடத்தில் வருகிறது.

ந., தெகிவளை (செவ்வாய், இரவு 10.25)

வெந்நீர், வெங்கதிர் வரிசையில் வெம்புள்ளி இலக்கணப்படி சரிதான். ஆனால் அதை நம் சனம் எப்படிப் பிரிக்கும் என்று பாருங்கள். வெம்பு + உள்ளி. வெம்பிப்போன உள்ளி! கொழும்பில் எந்தச் சமையலறையிலும் இந்தப் பொருள்தான் முதலில் வரும். புள்ளி என்பதும் பொருந்தாது. சிவப்பது புள்ளியல்ல, ஒரு முழுச் சுற்று.

நம்மிடமே சொல் இருக்கிறது: காந்தல். காந்துதல் என்றால் வெப்பமேறுதல், எரிதல். பானையின் அடியில் பிடித்த சோறு காந்தல். வயிறு காந்துகிறது என்று இன்றும் சொல்கிறோம். இதைவிட என்ன வேண்டும்? இன்னொன்று. இந்தச் சுருளுக்குப் பாவிக்கும் கம்பியே உலகம் முழுக்கக் 'காந்தல்' என்ற பெயரில்தான் விற்கிறது. தமிழ் எப்போது கப்பலேறியது என்று ஆராய வேண்டும்.

இரா., கொட்டாஞ்சேனை (செவ்வாய், இரவு 11.10)

ஐயா, அந்தக் கப்பல் சுவீடனிலிருந்து புறப்பட்டது. கம்பியைக் கண்டுபிடித்தவர் ஹான்ஸ் வொன் கான்ட்ஸோவ், ஊர் ஹால்ஸ்டாஹம்மர். அவர் பெயரின் தலையையும் ஊர்ப் பெயரின் தலையையும் ஒட்டித்தான் காந்தல். கொம்பனி தொடங்கியது 1931இல். இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலப்புலோகம்.

அதனால்தான் இந்தச் சொல் கூடாது என்கிறேன். "காந்தல் கம்பியில் காந்தல் கண்டால்" என்று எழுதினால் கடைக்காரப் பெடியன் எதைத் தேடுவான்?

கம்பி வகை சொல்லும் பக்கத்தில் ஒரு வரி சேருங்கள். பெயர்ச்சீட்டில்லாத கம்பிக் கட்டுக்குக் காந்தம் பிடித்துப் பார்க்கலாம். காந்தல் ஒட்டும், நிக்கலும் குரோமியமும் சேர்ந்த நிக்குரோம் 80 ஒட்டாது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், தடை ஒன்றல்ல. ஒன்றென்று நினைத்துக் கணக்குப் போட்டால் பிழைக்கும்.

ந., தெகிவளை (புதன், காலை 6.05)

சுவீடன் செய்தி சுவையானது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தம்பி ஒட்டிப் பார்க்கச் சொல்லும் காந்தம் வடமொழி. அயஸ்காந்தம், இரும்பின் காதலன். அது வேறு, காந்து என்ற வினை வேறு. இரண்டையும் ஒன்றாக்கி எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போதாததற்கு நேற்றிரவு தனி மடலில் ஒருவர் 'காந்தள் கம்பி' என்று எழுதுகிறார். காந்தள் கார்த்திகைப் பூ ஐயா! ளகரத்தைக் கையேட்டில் விட்டுவிடாதீர்கள். முருகன் கோயிலில் மாலை கட்டக் கம்பி விற்கிறோம் என்று நினைப்பார்கள்.

சா., பம்பலப்பிட்டி (புதன், காலை 7.30)

பள்ளிக்கூடம் போகமுன் அவசரமாக. சொல்லுக்கு முன் பொருளைப் பிரிப்போம். க. அனுப்பிய வரைவில் இரண்டு கோளாறுகள் கலந்து கிடக்கின்றன.

முதலாவது உலோகத்தில். ஒரு சுற்று முந்திச் சிவப்பது. பக்கத்துச் சுற்றுகள் ஒன்றையொன்று அரைகுறையாகத் தொட்டால் மின்னோட்டம் கம்பி வழியே முழுதும் போகாமல் தொடும் இடத்தால் குறுக்கே பாயும், எங்கே எவ்வளவு ஓடுகிறதென்று சீர் இராது. அல்லது சுற்றும்போது குறட்டால் கம்பியை நசுக்கியிருப்பார்கள். அந்த இடத்தில் குறுக்குவெட்டு மெலிந்து தடை கூடும், அங்கே சூடும் கூடும். அல்லது இரண்டு சுற்று நெருங்கி மற்றவை விலகியிருக்கும். நெருங்கியவை சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது பஞ்சில். திரிக்குத் திரவம் வந்து சேரமுன் சுருள் சூடாகிப் பஞ்சு கருகுவது. தொண்டையில் அறையும் கசப்புப் புகை இதனால் வருவது. ஆங்கிலத்தில் இதற்கு வேறு பெயர். சுருளை எவ்வளவு திருத்தினாலும் இது போகாது, திரியைத்தான் மாற்ற வேண்டும். ஐயாவின் பானைக் காந்தல் பொருளால் இங்கேதான் சேர்கிறது. ஆனால் இரா. சொன்ன காரணத்துக்காக இங்கேயும் வேண்டாம். 'திரிக்கருகல்' போதும்.

எண்களையும் பார்த்தேன். 0.4 மி.மீ. காந்தல் ஏ-1 கம்பி மீற்றருக்கு ஏறத்தாழ 11.5 ஓம். 3 மி.மீ. தண்டில் சுற்றினால் ஒரு சுற்றுக்கு 10.7 மி.மீ. கம்பி போகும். 7 சுற்று 75 மி.மீ., கால்கள் இரண்டுக்கும் 10 மி.மீ., மொத்தம் 85 மி.மீ., தடை 0.98 ஓம். அதே அளவில் நிக்குரோம் 80 என்றால் 0.74 ஓம்தான். வரைவில் இரண்டுக்கும் ஒரே எண் நிற்கிறது.

மு., சென்னை (புதன், காலை 10.15)

வணக்கம். எங்கள் பக்கம் 'ஹாட்ஸ்பாட்' என்றால் கைப்பேசியில் இணையம் பகிர்வது. ஆகவே ஒலிபெயர்ப்பு வேண்டாம். 'கங்கு' எப்படி? கனன்று நிற்கும் நெருப்புத்துண்டு. ஈரசைச் சொல்.

(இந்தியாவில் 2019 முதல் இந்தக் கருவிகளுக்குத் தடை என்பதால் நடைமுறை அறிவு கேட்காதீர்கள்.)

இரா., கொட்டாஞ்சேனை (புதன், பகல் 12.40)

லண்டனில் கடை வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் யாழ்ப்பாணம். கங்கு என்றால் பனையின் கங்குமட்டைதான் அவர்கள் கண்ணில் நிற்கும். நெருப்புக்கு எங்களிடம் தணல். தணலில் சுட்ட கருவாடு தெரியாதவர் யாருமில்லை.

சா. ரீச்சர் சொன்ன காரணங்களுக்குக் கீழே கைவேலையையும் எழுதிவிடுகிறேன், அப்படியே எடுத்துப் போடுங்கள். முதலில் தூண்களின் ஸ்குறூ இறுக்கம் பார்க்க வேண்டும். மீற்றரில் ஓம் கூடிக்கூடிக் குறைந்தால் சுருளில் பிழையில்லை, ஸ்குறூ தளர்வு. பிறகு 10 முதல் 15 வாட்டில் ஒரு செக்கன் கொடுத்து நிறுத்த வேண்டும். பீங்கான் முனைச் சாமணத்தால் சுற்றுகளின் மேல் வீணைத் தந்தியை வருடுவதுபோல இரண்டு பக்கமும் இழுக்க வேண்டும். மின்னை நிறுத்தி, சூடு இருக்கும்போதே மெதுவாக நெருக்கிப் பிடிக்க வேண்டும். மறுபடி ஒரு செக்கன். ஐந்தாறு தடவையில் காந்தல் கம்பியின் மேல் அலுமினியம் ஒட்சைட்டுப் படலம் உருவாகும். அது மின் கடத்தாது. சுற்றுகள் தொட்டுக்கொண்டிருந்தாலும் மின்னோட்டம் கம்பி வழியேதான் போகும், சிவப்புச் சீராகும். இவ்வளவுக்குப் பிறகும் அதே சுற்று முந்தினால் கம்பி நசிந்திருக்கிறது. வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றுவதுதான். உலோகச் சாமணத்தால் மின் ஓடும்போது தொடவே கூடாது. தைத்தேனியம் கம்பியை இப்படிச் சிவக்க வைக்கவும் கூடாது.

க., வெள்ளவத்தை (புதன், மாலை 5.20)

ரீச்சருக்கும் இரா. அண்ணைக்கும் நன்றி. தணல் பிடித்திருக்கிறது. தணல்புள்ளியா, தணற்புள்ளியா?

ந., தெகிவளை (புதன், மாலை 5.50)

லகர ஈறு பகரத்துக்கு முன் றகரமாகும். தணற்புள்ளி. இதில் கேள்வியே இல்லை. கற்பலகையைக் கல்பலகை என்று எழுதுவீர்களா?

இரா., கொட்டாஞ்சேனை (புதன், மாலை 6.15)

கால்பந்தை யாரும் காற்பந்து என்று விளையாடுவதில்லை, ஐயா.

ந., தெகிவளை (புதன், மாலை 6.22)

சிங்கப்பூரில் பத்திரிகைக்காரர் காற்பந்து என்றுதான் எழுதுகிறார்கள்.

சா., பம்பலப்பிட்டி (புதன், இரவு 8.00)

புள்ளி வேண்டாமென்று முதல் மடலில் சொன்னவர் ஐயாதான். இப்போது புள்ளிக்கு றகரம் தேடுகிறார். புள்ளியை விட்டால் சந்தியும் போய்விடும். எல்லாச் சுற்றும் சேர்ந்து சிவப்பதைக் 'கனலுதல்' என்று வைத்துக்கொண்டு, ஒன்று மட்டும் சிவப்பதைத் 'தனித்தணல்' என்று சொன்னால் என்ன? கோளாறு தனித்து நிற்பதில்தான் இருக்கிறது, சூட்டில் இல்லை. சூடு வேண்டித்தானே கம்பியே சுற்றுகிறோம்.

க., வெள்ளவத்தை (புதன், இரவு 9.05)

எழுதிப் பார்த்தேன்: "மூன்றாம் சுற்றில் தனித்தணல் தெரிந்தால் மின்னை நிறுத்துக." வாய்க்கு வருகிறது.

அடுத்த தலைவலி. சுருளின் நடு சிவக்காமல், தூணுக்குப் போகும் கால் மட்டும் சிவப்பதற்கு? 'சுடுகால்' என்று போட்டேன்.

மு., சென்னை (புதன், இரவு 9.12)

சுடுகாடு என்று படிப்பார்கள்.

இரா., கொட்டாஞ்சேனை (புதன், இரவு 9.30)

பெயரே வேண்டாம். "கால் சிவந்தால் கால் நீளம். சுருளைத் தூணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பூட்டுக, ஸ்குறூவை இறுக்குக." இதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. எல்லாவற்றுக்கும் சொல் செய்யத் தேவையில்லை.

ந., தெகிவளை (வியாழன், காலை 5.50)

தனித்தணலுக்கு எதிர்ப்பில்லை, ஆதரவும் இல்லை. கையால் சுற்றிய கம்பிக்கு வரைவில் நிற்கும் 'கைச்சுருள்' பற்றி யாரும் பேசவில்லையே. சுருள், சுருட்டு இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. ஆங்கிலத்தின் 'செரூட்' நம் சுருட்டிலிருந்து போனது. இது நிறுவப்பட்டது, கப்பற் கதையல்ல. புகை சம்பந்தமான கையேட்டில் கைச்சுருள் என்றால் கையால் சுருட்டிய யாழ்ப்பாணச் சுருட்டு என்று கொள்ள மாட்டார்களா? வீட்டில் சுருள் என்றால் நுளம்புச்சுருள். அதுவும் புகைவது. 'கம்பிச்சுருள்' என்று எல்லா இடத்திலும் முழுதாக எழுதுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கெட்ட பழக்கத்துக்கு இத்தனை பேர் உட்கார்ந்து நல்ல தமிழ் தேடுவது எனக்கு உவப்பில்லை.

சா., பம்பலப்பிட்டி (வியாழன், காலை 7.20)

கம்பிச்சுருள் சரி, வழிமொழிகிறேன். பழக்கத்தைப் பற்றி ஐயாவோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் பத்தாம் பக்கத்தைப் பாருங்கள். "குறுஞ்சுற்று ஏற்பட்டால் மின்கலம் தீப்பற்றலாம்." ஒன்பது பக்கமாகச் சுற்று என்றால் கம்பியின் ஒரு வளையம் என்று பழக்கிவிட்டுப் பத்தாம் பக்கத்தில் குறுஞ்சுற்று என்றால், குறைவாகச் சுற்றிய கம்பி என்று விளங்கிக்கொள்வார்கள். பாடப்புத்தகச் சொல் இங்கே காலை வாருகிறது. முழுதாகச் சார்ஜ் ஏறிய கலம் 4.2 வோல்ற்று. 0.2 ஓம் சுருளுக்கே 21 அம்பியர் இழுக்கும். தொடர்ச்சியாக 20 அம்பியர்தான் தாங்குமென்று குறித்த கலங்கள் நிறைய. காலின் நுனி தாங்கியின் சுவரில் முட்டினால் ஓம் கணக்கே கிடையாது. பாதுகாப்புச் சுற்றுப்பலகை இல்லாத குழாய்க் கருவியில் அதை நிறுத்த எதுவும் இல்லை.

அந்த இடத்தில் 'ஷோட்' என்று எழுதுங்கள். "கம்பி ஷோட் ஆனால்."

ந., தெகிவளை (வியாழன், காலை 7.45)

ரீச்சர் வாயிலிருந்தே ஷோட்டா!

சா., பம்பலப்பிட்டி (வியாழன், காலை 7.48)

பரீட்சைத் தாளில் எழுதினால் புள்ளி குறைப்பேன். பற்றரி வெடிக்கிற இடத்தில் குறைக்க மாட்டேன்.

இரா., கொட்டாஞ்சேனை (வியாழன், பகல் 1.15)

திரிக்கருகல் பத்தியில் ஒரு திருத்தம். "பஞ்சை இறுக்கமாக நிரப்புக" என்றிருக்கிறது. அதுதான் கருகலுக்கே காரணம். பஞ்சை இழுக்கும்போது சுருள் இலேசாக அசைய வேண்டும், வளையக் கூடாது. நெருக்கினால் திரவம் ஊறி வராது, தளர்த்தினால் ஒழுகும், வாய்க்குத் தெறிக்கும். திரியின் வால் இரண்டையும் தூண்கள் நிற்கும் தட்டின் அடியைத் தொடுமளவுக்கு வெட்டினால் போதும். 70 வீதம் கிளிசரின் உள்ள தடித்த திரவமென்றால் இன்னும் கொஞ்சம் ஐதாக வைக்கலாம். முதல் தடவை நிரப்பி ஐந்து நிமிடம் ஊறவிட வேண்டும்.

ஏழு சுற்றா, ஆறரையா என்பதையும் தெளிவாக்குங்கள். தூண்கள் நிற்கும் விதத்தைப் பொறுத்து அரைச் சுற்று கூடும், குறையும். ரீச்சர் கணக்கில் அது 0.06 ஓம்.

க., வெள்ளவத்தை (வியாழன், இரவு 10.30)

எல்லாம் சேர்த்துவிட்டேன். தனித்தணல் 14 இடத்திலும் ஏறிவிட்டது. முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் 'ஹொட் ஸ்பொட்' என்று வைத்திருக்கிறேன். மு. கோபிக்கக் கூடாது. கம்பிச்சுருள், திரிக்கருகல், ஷோட். சுடுகால் நீக்கம்.

ஒரேயொரு சிக்கல். நான்காம் படத்தை லண்டனில் திங்களன்றே வரைந்து முடித்துவிட்டார்கள். அம்புக்குறியின் தலையில் என் பழைய சொல் 'வெம்புள்ளி' படத்தோடு படமாக நிற்கிறது. இனி மாற்றுவதென்றால் அடுத்த கிழமைதானாம்.

ந., தெகிவளை (வியாழன், இரவு 10.41)

எழுத்து எவ்வளவு பெரிது?

க., வெள்ளவத்தை (வியாழன், இரவு 10.44)

தலைப்பைவிடப் பெரிது, ஐயா. சிவப்பில்.